மனைவியைக் கேளாத வழக்கு

1836ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. பிரதிவாதி மெல்பர்ன் பிரபு. அன்றைய இங்கிலாந்தின் தலைமையமைச்சர். வாதி ஜார்ஜ் நார்ட்டன் என்னும் வழக்குரைஞர். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். மெல்பர்ன் பிரபுவின் தயவினாலேயே காவல் நீதிபதிப் பதவி பெற்றவர். தம் மனைவி கரோலினோடு தலைமையமைச்சர் தகாத உறவு கொண்டார் என்றும், அதனால் தமக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடாக 10,000 பவுன் வேண்டும் என்றும் நார்ட்டன் கேட்டார். காலையில் தொடங்கிய விசாரணை இரவு வரை நீண்டது. வேலையை விட்டு விலக்கப்பட்ட பணியாளர்கள் சாட்சிக் கூண்டில் ஏறித் தாங்கள் கதவிடுக்கில் கண்டதாகச் சொன்னவற்றை விவரித்தனர். மெல்பர்ன் எழுதிய இரண்டொரு துண்டுக் கடிதங்கள் படிக்கப்பட்டன. எப்போது வருவேன், ஏன் வர இயலவில்லை என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றுமில்லை. ஜூரிகள் இருக்கையை விட்டு எழவும் இல்லை. வழக்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அங்கேயே கூறிவிட்டனர். தலைமையமைச்சரின் பதவி பிழைத்தது. செய்தித்தாள் ஒன்றுக்காக அவ்விசாரணையைக் குறிப்பெடுத்த இளைஞர் சார்லஸ் டிக்கின்ஸ், பின்னர் 'பிக்விக் பேப்பர்ஸ்' நவீனத்தில் வரும் வழக்கில் அற்பக் கடிதங்களைக் கொண்டு வழக்குரைஞர் ஆடும் கூத்தைப் படைத்து நாட்டையே நகைக்க வைத்தார்.

அன்று அம்மன்றத்தில் எல்லாரும் பேசினர். வாதியின் வழக்குரைஞர் பேசினார். பிரதிவாதிக்காக அரசின் தலைமை வழக்குரைஞரே பேசினார். வண்டியோட்டியும் பணிப்பெண்ணும் பேசினர். எவளுடைய கற்பு பற்றி அவ்வளவும் பேசப்பட்டதோ, அந்தக் கரோலினுக்கு மட்டும் அங்கே வாய் இல்லை. அவள் வாதி அல்லள், பிரதிவாதியும் அல்லள். சாட்சியாகவும் அவளை அழைக்கச் சட்டம் இடந்தரவில்லை. தனக்கென ஒரு வழக்குரைஞரை அமர்த்தித் தன் பெயரைக் காத்துக்கொள்ளவும் அவளுக்கு வழியில்லை. கணவன் ஒருவன், வேறோர் ஆடவன். இருவருக்கும் இடையில் ஒரு கணக்கு. அவள் அக்கணக்கில் வரும் பொருள்.

ஒரு திருமணத்தில் மூன்றாம் மனிதர் தலையிட்டால் சட்டம் என்ன செய்ய வேண்டும் என்னும் வினா மிகப் பழையது. ஆங்கிலேயச் சட்டம் அதற்குக் கண்ட விடை கப்பலேறிக் கல்கத்தாவுக்கும், அங்கிருந்து பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கும் வந்து, தோட்டத்து லயங்கள் வரை நீண்டது. அதன் இறுதிச் சுவடுகள் அண்மைக் காலத்திலேதான் அழிக்கப்பட்டன. ஆகவே அதன் வரலாறு அயலார் வீட்டுக் கதையன்று.

நார்ட்டன் தொடுத்த வழக்குக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் 'கிரிமினல் கான்வர்சேஷன்'. பெயர் ஏமாற்றுவது. அது குற்றவியல் வழக்கன்று, சிறைத்தண்டனை இல்லை, உரையாடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிறன் மனைவியோடு உறவு கொண்டவனிடம் கணவன் பணம் கேட்கும் உரிமையியல் வழக்கே அது. அதன் வேர் அத்துமீறல் பற்றிய சட்டத்தில் இருந்தது. வேலி தாண்டி நிலத்தில் புகுந்தவன் மேல் உடையவன் எவ்வாறு வழக்காடுவானோ, அவ்வாறே இங்கும். பிரதிவாதி படைக்கலத்தோடும் வன்முறையோடும் புகுந்து வாதியின் மனைவியைத் தாக்கினான் என்று மனுவில் எழுதும் மரபு இருந்தது. அவள் தானே விரும்பிச் சென்றிருந்தாலும் மனுவின் வாசகம் மாறாது. விரும்புவதற்கும் மறுப்பதற்கும் அவளுக்குச் சட்டத்தின்முன் மனமே இல்லை என்பது அதன் உட்பொருள். மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதில் கரைந்துவிடும் என்பது அக்காலக் கொள்கை. கரைந்துபோனவளின் சம்மதத்தை யார் கேட்பார்?

இதற்கு ஒளிவுமறைவின்றிக் காரணம் எழுதியவர் வில்லியம் பிளாக்ஸ்டன். 1768இல் வெளிவந்த தம் சட்ட விளக்கவுரையின் மூன்றாம் பகுதியில், கணவனுக்கு இழைக்கப்படும் தீங்குகளென மனைவியைக் கவர்ந்து செல்லுதல், அவளோடு உறவு கொள்ளுதல், அவளை அடித்தல் ஆகியவற்றை அவர் எடுத்துரைக்கிறார். எசமானுக்கு ஊழியன் மேலும், தந்தைக்குப் பிள்ளை மேலும், கணவனுக்கு மனைவி மேலும் இத்தகைய உரிமை உண்டு, மறுதலையாக இல்லை. ஏனெனில் உயர்ந்தவரின் துணையிலும் பராமரிப்பிலும் தாழ்ந்தவருக்கு எவ்விதச் சொத்துரிமையும் கிடையாது என்பது அவர் தரும் விளக்கம். கணவனை வேறொருத்தி கவர்ந்து சென்றால் மனைவி யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்வி அப்பெரிய நூலில் எழவே இல்லை.

பொருள் என்றால் விலை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விலைகள் கேட்போர் திகைக்கும் அளவுக்கு ஏறின. 1770இல் குரோஸ்வெனர் பிரபு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தம்பியான கம்பர்லந்து கோமகன் மீது வழக்குத் தொடுத்து 10,000 பவுன் பெற்றார். 1788 முதல் 1802 வரை தலைமை நீதிபதியாக இருந்த கென்யன் பிரபு, பெருந்தொகை விதித்தால் நாட்டில் ஒழுக்கம் ஓங்கும் என்று உறுதியாக நம்பினார். ஓங்கியதோ இல்லையோ, விசாரணைக் குறிப்புகளை அச்சிட்டு விற்றவர்களின் வாணிகம் ஓங்கியது. நல்லொழுக்கத்தைக் காப்பதற்கென்று நடந்த வழக்குகள், படுக்கையறைச் செய்திகளை வீதிதோறும் விற்கும் தொழிலுக்கு மூலப்பொருள் ஆயின.

தொகையைக் கணக்கிடும் முறைதான் மிகவும் விந்தையானது. கணவன் இழந்தது என்ன என்பதே கேள்வி. மனைவி நற்குணம் உடையவளாக, இல்லறம் இனிதாக நடந்திருந்தால் தொகை மிகும். அவள் முன்பே வழி தவறியவளாகவோ, கணவன் அவளைப் புறக்கணித்தவனாகவோ இருந்தால் குறையும். இதை அறிந்து நடந்த வழக்கு ஒன்று 1782இல் நிகழ்ந்தது. சர் ரிச்சர்ட் வொர்ஸ்லி என்பவரின் மனைவி, அவருடைய படைப்பிரிவில் பணியாற்றிய பிசெட் என்னும் அதிகாரியோடு சென்றுவிட்டாள். வொர்ஸ்லி 20,000 பவுன் கேட்டார். பிசெட் அவ்வளவு கொடுக்க வேண்டி வந்தால் கடன்காரர் சிறையில்தான் வாழ்நாள் கழியும்.

அப்போது வொர்ஸ்லி சீமாட்டி துணிந்து ஒரு காரியம் செய்தாள். தனக்கு முன்பும் வேறு நண்பர்கள் இருந்தனர் என்பதைச் சாட்சி சொல்ல அவர்களையே மன்றத்துக்கு வரச் செய்தாள். மேட்ஸ்டன் நகரத்துக் குளிப்பிடம் ஒன்றில் அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, கணவரே பிசெட்டைத் தோளில் தூக்கிப் பலகணி வழியே பார்க்கச் செய்தார் என்பதும் சாட்சியமாக வந்தது. உறவு நடந்தது உண்மை என்று ஜூரிகள் ஒப்புக்கொண்டனர். இழப்பீடாக வாதிக்கு ஒரு ஷில்லிங் வழங்கினர். காதலனைக் காப்பாற்ற அவளுக்கு இருந்த ஒரே வழி, தன் மதிப்பைத் தானே அடிமாட்டு விலைக்கு இறக்கிக் காட்டுவது. அவ்வழக்கு வகையின் நெடிய வரலாற்றில், மனைவியின் விருப்பம் தீர்ப்பின் திசையை மாற்றிய மிகச் சில தருணங்களில் அது ஒன்று. அதற்கு அவள் கொடுத்த விலை அவள் பெயர். மறுநாள் முதல் இலண்டன் முழுதும் அவளைப் பற்றிய கேலிச் சித்திரங்கள் தொங்கின.

1794இல் வேறொரு வழக்கு. ஹவர்ட் என்னும் உயர்குடிக் கணவர், பிங்கம் என்பவர்மேல் தொடுத்தது. பிரதிவாதிக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின், அக்காலத்தின் நாவன்மை மிக்க வழக்குரைஞர். அப்பெண்ணும் பிங்கமும் திருமணத்துக்கு முன்பே ஒருவரையொருவர் விரும்பியவர்கள். குலப்பெருமை கருதி அவளை ஹவர்டுக்கு மணமுடித்துவிட்டனர். ஆதலால் உண்மையில் இழப்புக்கு ஆளானவர் பிரதிவாதியே, வாதியின் இடத்தில் நிற்கவேண்டியவரும் அவரே என்று அவர் வாதிட்டார். அரிய வாதம். பெண்ணின் நெஞ்சத்தை மன்றத்தின் நடுவே வைத்த வாதம் போலத் தோன்றும். உற்று நோக்கினால் அங்கும் அவள் பொருளே. உரியவர் யார் என்பதில்தான் தகராறு.

இதனோடு உடன்பிறந்த மற்றொரு வழக்கும் இருந்தது. உறவு ஏதும் நிகழாவிடினும், மனைவியைக் கணவனிடமிருந்து பிரிந்திருக்கத் தூண்டியவன்மேல் தொடுப்பது; 'மனைவியை ஆசைகாட்டி அழைத்தல்' என்பது அதன் கருத்து. 1745இல் இதற்கு வழிவகுத்த தீர்ப்பில் கணவனுக்கு 3,000 பவுன் கிடைத்தது. கணவனின் கொடுமை பொறாது வந்தவளுக்கு அடைக்கலம் தந்தவரைச் சட்டம் ஓரளவு மன்னித்தது. மற்றபடி பெண்ணின் பெற்றோரும் அண்டை வீட்டாரும்கூட எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருந்தது. இவ்வழக்கு எங்கிருந்து வந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பதினான்காம் நூற்றாண்டில் கொள்ளைநோயால் ஆட்பஞ்சம் நேர்ந்தபோது, பிறனுடைய வேலையாளை ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைத் தடுக்கத் தொழிலாளர் சட்டங்கள் எழுந்தன. ஊழியனை இழுத்தல், மனைவியை இழுத்தல் இரண்டும் ஒரே குடும்பத்து வழக்குகள். இந்த உறவைப் பின்னர் மலாயாத் தோட்டங்களில் மீண்டும் காணலாம்.

ஏழைகளுக்கு இவ்வழக்குகளால் பயனில்லை. 1857க்கு முன்பு இங்கிலாந்தில் முழுமையான மணவிலக்கு வேண்டுமானால், முதலில் இழப்பீட்டு வழக்கில் வெல்ல வேண்டும். பிறகு திருச்சபை மன்றத்தில் பிரிவு பெற வேண்டும். அதன்பின் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் ஒன்று நிறைவேற வேண்டும். அத்தகைய தனிச்சட்டத்தால் விடுதலை பெற்ற பெண்கள் நால்வரே. முதலாமவர் 1801இல் பெற்றார். 1845இல் வாரிக் நகரில், மனைவி வேறொருவனோடு ஓடிவிட்டதால் மறுமணம் செய்துகொண்ட ஓர் ஏழைத் தொழிலாளி இருதார மணக் குற்றத்துக்காக நின்றான். நீதிபதி மோல் அவனிடம், நீ இந்த வழக்கும் அந்த வழக்கும் தொடுத்துப் பல நூறு பவுன் செலவிட்டு நாடாளுமன்றம் வரை சென்றிருக்கலாமே, ஏழைக்கும் செல்வனுக்கும் இங்குச் சட்டம் ஒன்றுதானே என்ற பொருள்படக் குத்தலாகப் பேசியதாகச் சொல்லப்படுகிறது. நீதிபதிகளின் எள்ளல் எப்போதாவது நாட்டுக்கு நன்மை செய்யும். மணவிலக்குச் சட்டத்தைத் திருத்த முனைந்தோர் அதை நெடுநாள் எடுத்தாண்டனர்.

கரோலின் நார்ட்டனுக்கு வருவோம். வழக்கில் 'குற்றமற்றவள்' என்று ஆகிவிட்டதால் அவளுக்கு விடிவு பிறக்கவில்லை. மாறாகக் கதவு அடைபட்டது. தகாத உறவு மெய்ப்பிக்கப்படாததால் கணவனும் மணவிலக்குப் பெற முடியாது. பிள்ளைகள் மூவரும் சட்டப்படி தந்தைக்கே உரியவர்கள். அவர் அவர்களைத் தாயின் கண்ணில் படாது ஸ்காத்லாந்துக்கு அனுப்பினார். அவள் எழுதினாள், துண்டுநூல்கள் வெளியிட்டாள், நாடாளுமன்ற உறுப்பினர்களை அணுகினாள். 1839இல் குழந்தைகள் காப்புச் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் மனுச் செய்யலாம் என்றது அச்சட்டம். தகாத உறவு மெய்ப்பிக்கப்பட்ட தாய்க்கு அந்த உரிமையும் இல்லை. சட்டம் வந்தும் அது ஸ்காத்லாந்தில் செல்லாது. அவளுடைய பிள்ளைகளோ அங்கே இருந்தனர். 1842இல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து, காயம் முற்றி இறந்தான். தாய் வந்து சேர்ந்தபோது உயிர் போயிருந்தது. எழுதிச் சம்பாதித்த பணத்தையும் கணவர் உரிமை கொண்டாடியபோது, 1855இல் அவள் அரசி விக்டோரியாவுக்குத் திறந்த கடிதம் எழுதினாள். 1857இல் மணவிலக்குச் சட்டம் வந்தது. 'கிரிமினல் கான்வர்சேஷன்' ஒழிக்கப்பட்டது.

ஒழிக்கப்பட்டது என்பதும் முழு உண்மையன்று. பழைய வழக்கைக் கொன்ற அதே சட்டம், மணவிலக்கு மனுவிலேயே உடன்பிரதிவாதியிடம் இழப்பீடு கேட்கும் உரிமையைக் கணவனுக்கு வழங்கிற்று. எனினும் ஒரு நல்ல மாற்றம் உண்டு. தொகை முழுதும் கணவன் பையில் விழ வேண்டியதில்லை. பிள்ளைகளின் நலனுக்கோ மனைவியின் பராமரிப்புக்கோ ஒதுக்கலாம் என்று மன்றத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. மனைவிக்கு அவ்வுரிமை கிட்டவில்லை. கணவன் தகாத உறவு ஒன்றையே காரணம் காட்டி மணவிலக்குப் பெறலாம். மனைவியோ அதனோடு கொடுமை, கைவிடல் முதலிய வேறொன்றையும் மெய்ப்பிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 1923 வரை நீடித்தது.

இதே காலத்தில் கிழக்கே வேறொரு பணி நடந்தது. இந்தியாவுக்கான குற்றவியல் சட்டத்தை வரைந்த மெக்காலே, 1837ஆம் ஆண்டு வரைவில் பிறன்மனை நயத்தலைக் குற்றமாக்கவில்லை. உயர்குடியினர் மானத்துக்கு அஞ்சி மன்றத்துக்கு வரமாட்டார். வருவோர் பணத்தையே நாடுவார் என்பது அவர் கண்டது. குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்டு, சக்களத்திகளால் புறக்கணிக்கப்படும் இந்நாட்டுப் பெண்களின் மேல் சட்டமும் பாரம் ஏற்றக்கூடாது என்றும் எழுதினார். இந்தியக் கல்வி பற்றி மெக்காலே கூறியவற்றுக்காக அவரைக் கடிந்துகொள்பவர்களும் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம். அவர் கருத்து நிலைக்கவில்லை. 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497, 498 ஆகிய இரு பிரிவுகள் இடம்பெற்றன. பிறன் மனைவியோடு அவன் இசைவின்றி உறவு கொள்ளும் ஆடவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது முதலாவது. 'அவன் இசைவின்றி' என்னும் சொற்றொடரைக் கவனித்தல் வேண்டும். கணவன் இசைந்தால் குற்றமில்லை. மனைவியின் இசைவோ கணக்கிலேயே இல்லை. பிறன் மனைவி எனத் தெரிந்தும், தகாத உறவுக்கென அவளைக் கணவனிடமிருந்தோ அவன் சார்பில் பராமரிப்பவரிடமிருந்தோ அழைத்துச் செல்பவனுக்கும் மறைத்து வைப்பவனுக்கும் ஈராண்டு வரை சிறை என்றது இரண்டாவது.

நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம், இந்தியச் சட்டத்தை அடியொற்றி 1871இல் இயற்றப்பட்டு 1872 செப்டம்பர் 16இல் நடைமுறைக்கு வந்தது. 498ஆம் பிரிவு உடன் வந்தது. மலேசியாவின் குற்றவியல் சட்டத்தைப் புரட்டினால் 496க்குப் பிறகு 498 நிற்கும். 497 என்னும் எண்ணில் பிரிவே கிடையாது. ஆக, இந்நாட்டில் பிறன் மனைவியோடு உறவு கொள்வது அச்சட்டத்தின்படி குற்றமன்று. அதற்கென அவளை அழைத்துப் போவதே குற்றமாக இருந்தது. கணவரோ, அவர் சார்பில் அவளைப் பராமரிப்பவரோ முறையிட்டாலன்றி வழக்கு இருந்ததில்லை.

இச்சட்டம் வந்து விழுந்த மண் எப்படிப்பட்டது? கங்காணி முறையில் ஆட்கள் கொண்டுவரப்பட்ட தோட்டங்களில் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. வந்த பெண்களும் அடுப்படியில் இருந்தவர்கள் அல்லர். பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, பால் மரம் சீவி, புல் வெட்டி, தனிக் கூலி வாங்கியவர்கள். 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு எனத் தரக்கூலி வகுக்கப்பட்டது. குறைவுதான், எனினும் கையில் கூலி உள்ளவள் ஒரு லயத்தை விட்டு மறு லயத்துக்கு, ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போகத் துணியலாம். போனபோது அது இருவகை இழப்பாகக் கருதப்பட்டது. கணவன் மனைவியை இழந்தான். துரை கூலியாளை இழந்தார். ஒரு தோட்டத்து ஆட்களை மறு தோட்டம் ஆசைகாட்டி இழுப்பது துரைமாரின் ஓயாத முறையீடு. ஊழியனை இழுத்தலும் மனைவியை இழுத்தலும் ஒரே பெண்ணிடத்தில் வந்து சந்தித்த இடம் மலாயாத் தோட்டம். பிளாக்ஸ்டன் பட்டியலிட்ட எசமானும் கணவனும் இங்கே ஒரே பக்கம் நின்றனர்.

பெரும்பாலான பிணக்குகள் கங்காணி முன்னிலையிலோ, கோயில் திண்ணையிலோ, துரையின் அலுவலகத்திலோ முடிந்திருக்கும். நீதிமன்றம் சென்றாலும் இடர் உண்டு. அவள் சட்டப்படி மனைவி என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். தாலி கட்டியதற்குச் சாட்சி தேவை; பதிவேடு இராது; சடங்கு நடந்த ஊர் கடலுக்கு அப்பால் இருக்கும். மணவிலக்குச் சட்டமோ ஒருதார மணங்களுக்கே உரியதாக இருந்ததால், வழக்காற்றுப்படி மணந்த இந்துக்களுக்கு அதன் வாயில் திறக்கவில்லை. இழப்பீடு கேட்கவும் வழியில்லை. முறைப்படி பிரியவும் வழியில்லை. எனவே கணவனுக்குக் கைவசம் இருந்தது 498. மனைவிக்கு இருந்தது கால்நடை.

அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ஆய்வுநூல், பிரிட்டிஷ் மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றிய ஆவணங்களை இக்கண்கொண்டு வாசிக்கிறது. 'ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்டவள்' என்று அதிகாரிகள் எழுதிவைத்த இடங்களில், தானே முடிவெடுத்துப் புறப்பட்ட பெண்களையும் அவர் அடையாளம் காண்கிறார். தமிழ் மக்களின் பேச்சு இதை முன்பே அறியும். இத்தகைய நிகழ்ச்சிக்குத் தோட்டத்துப் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் உண்டு. 'அவன் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டான்' என்பது ஒன்று. 'அவள் ஓடிப்போய்விட்டாள்' என்பது மற்றொன்று. இரண்டாவது வாக்கியம் பழிச்சொல்தான். ஆயினும் அதில் எழுவாய் அவள். வினையும் அவளுடையது. சட்டப் புத்தகம் முதல் வாக்கியத்தை மட்டுமே எழுதிக்கொண்டது. அவள் ஏன் போனாள், அடி பொறாமல் போனாளா, குடிகாரனோடு வாழ மாட்டாமல் போனாளா, நெஞ்சு விரும்பிப் போனாளா என்று கேட்கும் இடம் அப்பிரிவில் இல்லை. உண்மையாகவே ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டுக் கைவிடப்பட்ட பெண்களும் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களுக்கும் அப்பிரிவு எதையும் வாங்கித் தரவில்லை; முறையிடும் உரிமை அவர்களுடையதன்று.

மலேசியாவில் பெருந்திருப்பம் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் யாவருக்கும் ஒருதார மணம், பதிவு, மன்றத்தின் வழியே மணவிலக்கு என்று அது வகுத்தது. அதன் 58ஆம் பிரிவு, தகாத உறவைக் காட்டி மணவிலக்கு கேட்கும்போது மூன்றாமவரை உடன்பிரதிவாதியாகச் சேர்க்கவும் அவரிடம் இழப்பீடு கேட்கவும் இடந்தருகிறது. மூன்றாமவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கேட்பவரும் அவ்வாறே. பிளாக்ஸ்டனின் நூலில் எழாத கேள்வி இங்கே விடை பெற்றது. இழப்பீடு தண்டனையாக அமையக்கூடாது என்றும், தொகையைப் பிள்ளைகளுக்கோ மனைவிக்கோ ஒதுக்கலாம் என்றும் 59ஆம் பிரிவு கூறுகிறது. 1857இன் எதிரொலி அதில் கேட்கும். வேடிக்கை என்னவெனில், இவ்வுரிமை பிறந்த இங்கிலாந்து இதற்குள் அதைக் கைவிட்டிருந்தது. 1970இல் இயற்றிய சட்டத்தின் மூலம், தகாத உறவுக்கான இழப்பீட்டையும் மனைவியை ஆசைகாட்டி அழைத்தல் என்னும் வழக்கையும் அந்நாடு ஒருங்கே நீக்கியது.

498 மட்டும் அசையாமல் நின்றது. இந்தியாவில் 1958இலேயே உச்ச நீதிமன்றம், இப்பிரிவு கணவனின் உரிமையைக் காக்க வந்தது. மனைவியின் சம்மதம் எதிர்வாதம் ஆகாது என்று தெளிவுபடுத்தியிருந்தது. 497ஆம் பிரிவு செல்லுமென 1985இல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், 2018 செப்டம்பர் 27இல் அது செல்லாதெனத் தீர்ப்பளித்த ஐவர் அமர்வில் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட் இருந்தார். சிங்கப்பூர், 2019ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டச் சீர்திருத்தத்தின் வழி 498ஐ நீக்கியது. நீக்கம் 2020 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

மலேசியாவில் அந்த வேலையை நாடாளுமன்றம் செய்யவில்லை, நீதிமன்றம் செய்தது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆம் விதியில், குடிமக்களிடையே பாகுபாடு கூடாதென்னும் பகுதியில் 'பாலினம்' என்னும் சொல் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு சொல். பிறன் மனைவியை அழைத்துச் சென்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு உச்சநிலை மன்றம் வரை சென்றார். கணவன் மட்டும் முறையிடலாம், மனைவி முறையிட முடியாது என்னும் பிரிவு ஆண் பெண் பாகுபாடு செய்கிறதென்று 2023 டிசம்பர் 15ஆம் நாள், தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட் தலைமையிலான கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இவ்வழக்கிலும் மன்றம் சென்றவர் ஓர் ஆடவர் என்பது கவனிக்கத்தக்கது. ஒன்றரை நூற்றாண்டாக அப்பிரிவின் நடுவே நின்ற பெண், அதை எதிர்த்து வழக்காடும் நிலையில் ஒருநாளும் இருந்ததில்லை. அவள்மேல் குற்றச்சாட்டும் இல்லை, அவளுக்கு முறையீடும் இல்லை.

இந்தியாவில் 2024 ஜூலை முதல் நாள் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய 497 அதில் இல்லை. பிறன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்வோருக்கு ஈராண்டு வரை சிறை விதிக்கும் பிரிவு மட்டும் 84 என்னும் எண்ணோடு அதில் இருக்கிறது.